சரணடைந்த எதிரிக்கு உயிர்ப்பிச்சை: கற்பனை உலக மேசை விளையாட்டுகளின் அரை நூற்றாண்டு

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, பகடை உருட்டி ஆடும் கற்பனை உலக விளையாட்டுகளில் சண்டை தவறாமல் வரும். ஆட்டத்தை நடத்துபவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். குகையையும் அதில் பதுங்கியிருக்கும் எதிரிகளையும் அவர் வர்ணிப்பார். தங்கள் வீரனோ மந்திரவாதியோ என்ன செய்கிறான் என்பதை மற்றவர்கள் சொல்வார்கள். ஓர்க் என்ற அரக்க இனத்தவர் மூவர் வெட்டுண்டு விழுந்தபின் நான்காவது ஓர்க் வாளைக் கீழே போட்டு மண்டியிட்டால், மேசையில் வாக்குவாதம் தொடங்கும். கட்டிப்போடுவதா, விசாரிப்பதா, விட்டுவிடுவதா, தலையை வெட்டுவதா? ஆட்டக்காரர்கள் தரும் விடையில் அவர்களுடைய இரக்கத்துக்கு உள்ள பங்கு பலரும் நினைப்பதைவிடக் குறைவு. எதிரிக்கு உயிர்ப்பயம் உண்டா, கொன்றால் என்ன கிடைக்கும், பிழைக்கவிட்டால் என்ன கிடைக்கும், அந்த எதிரி எப்படிப்பட்ட பிறவி என்பதையெல்லாம் விதிநூல் முன்கூட்டியே எழுதிவைத்துவிடுகிறது.

இந்த விளையாட்டுகளுக்கு மூலம் போர் விளையாட்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் வாழ்ந்த கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெர்ரனுடன் சேர்ந்து எழுதிய 'செயின்மெயில்' 1971இல் வெளிவந்தது. சிறு பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்தி ஐரோப்பாவின் மத்திய காலப் போர்களை ஆடுவதற்கான விதிகள் அதில் இருந்தன. ஒவ்வொரு மோதலுக்குப் பிறகும் இரு படைகளின் மன உறுதியைக் கணக்கிட ஓர் அட்டவணை உண்டு. இரு தரப்புக்கும் இடையிலான வேறுபாடு சிறிதாக இருந்தால் சண்டை தொடரும். அது ஏற ஏற, தோற்ற படை ஒழுங்காகப் பின்வாங்கும், பிறகு சிதறி ஓடும். 100ஐ எட்டினால் சரணடைந்துவிடும். கடைசி ஆள் விழும்வரை யாரும் சண்டையிட மாட்டார்கள் என்ற எளிய உண்மையை அந்த அட்டவணை ஏற்றுக்கொண்டிருந்தது.

மத்திய காலப் போர் வரலாற்றை ஆசையோடு படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1356இல் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் பிடிபட்ட பிரெஞ்சு அரசர் இரண்டாம் ஜானை மீட்க, 1360இன் பிரெத்தினி உடன்படிக்கை 30 லட்சம் பொற்காசுகளை விலையாக வைத்தது. பிடிபட்ட பிரபு உயிரோடு இருந்தால்தான் பணம். 1415இல் அஜின்கோர்ட்டில் ஐந்தாம் ஹென்றி கைதிகளைக் கொல்லச் சொன்னது இன்றுவரை பேசப்படுவதற்கு ஒரு காரணம், அது அன்றைய வழக்கத்துக்கே மாறாக இருந்தது. உயிர் விடுவதற்கும் உயிர் எடுப்பதற்கும் நடுவில் பேரத்துக்கு இடம் வைத்திருந்த உலகம் அது; அந்த இடத்தின் சுவடு செயின்மெயிலின் அட்டவணையில் பதிந்திருந்தது.

போர் விளையாட்டில் சரணடைந்த படையை மேசையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொம்மைகளுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை. மினசோட்டா மாநிலத்தில் டேவ் வெஸ்லி 1969இல் நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' ஆட்டமும், அதைப் பின்பற்றி டேவ் ஆர்னிசன் உருவாக்கிய 'பிளாக்மூர்' என்ற தொடர் ஆட்டமும் இந்த நிலையை மாற்றின. ஒருவர் ஒரு படையை நகர்த்துவதற்குப் பதிலாக ஒரே ஒரு மனிதனாக ஆடினார். எதிரில் நிற்பவருக்குக் குரல் கொடுக்க நடத்துநர் இருந்தார். பிடிபட்டவன் கெஞ்சலாம், பொய் சொல்லலாம், பேரம் பேசலாம். தோற்றவனை என்ன செய்வது என்ற கேள்வி அப்போதுதான் பிறந்தது.

கைகாக்ஸும் ஆர்னிசனும் எழுதிய 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' 1974இல் மூன்று சிறு புத்தகங்கள் அடங்கிய பெட்டியாக வந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள். கொலையே நோக்கம் என்ற பெயர் பின்னாளில் இந்த விளையாட்டுக்கு ஒட்டிக்கொண்டது. ஆனால் முதல் பெட்டியைத் திறந்து பார்ப்பவருக்கு வேறொரு சித்திரம் தெரியும். வழியில் ஓர் எதிரி தென்பட்டால் அது என்ன மனநிலையில் இருக்கிறது என்பதை இரண்டு பகடைகள் தீர்மானிக்கலாம்: 2 முதல் 5 வரை விழுந்தால் பகை, 6 முதல் 8 வரை தயக்கம், 9 முதல் மேலே இணக்கம். எதிரியைக் கூலிக்கோ சேவகத்துக்கோ சேர்த்துக்கொள்ளவும் விதி இருந்தது.

டிராகன்களுக்கான விதி இன்னும் ஒரு படி போனது. டிராகனைக் கொல்லாமல் அடக்கப்போவதாக ஆட்டக்காரர்கள் சண்டைக்கு முன்பே அறிவிக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் விழுந்த அடி, டிராகனின் மொத்த உயிர்ப்புள்ளியில் (அது தாங்கக்கூடிய அடியின் அளவில்) எத்தனை சதவீதம் என்று கணக்குப் போட்டு, நூறு பக்கக் கணக்கில் பகடை உருட்டுவார்கள். எண் அந்தச் சதவீதத்துக்குள் வந்தால் டிராகன் பணிந்துவிடும். பணிந்த டிராகனைச் சந்தையில் விற்கலாம்; உயிர்ப்புள்ளி ஒன்றுக்கு 500 முதல் 1,000 பொற்காசு. 40 உயிர்ப்புள்ளி உள்ள டிராகன் என்றால் 20,000க்குக் குறையாது. வாய்ப்புக் கிடைத்தால் அது எஜமானிடமிருந்து தப்பவே பார்க்கும் என்ற எச்சரிக்கையும் உண்டு. இதைக் கருணை என்று சொல்ல முடியாது. பேசத் தெரிந்த ஒரு பிறவியை விலைக்கு விற்பது அடிமை வாணிபம்தான். ஆனாலும் தோற்ற எதிரியை உயிரோடு வைத்திருக்க விளையாட்டு கொடுத்த முதல் வலுவான காரணம் அதுவே.

இரண்டாவது காரணம் அனுபவப் புள்ளி. பாத்திரம் வளர்ந்து பலம் பெறுவது இந்தப் புள்ளிகளால்தான். குகையிலிருந்து வெளியே கொண்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. 1974இன் விதிப்படி சாதாரண ஓர்க் ஒன்றை வீழ்த்தினால் 100 புள்ளி கிடைத்தது. அடுத்த ஆண்டே வந்த 'கிரேஹாக்' இணைப்பு நூல் அதை 10 புள்ளியாகக் குறைத்தது. பத்துக் காசும் ஓர் ஓர்க்கின் சாவும் ஒரே எடை ஆகிவிட்ட பிறகு, ஓர்க்கோடு மல்லுக்கட்டி உயிரைப் பணயம் வைப்பது முட்டாள்தனம். புத்தியுள்ள ஆட்டக்காரர்கள் காவலனுக்குக் கையூட்டுக் கொடுத்தார்கள், கைதியிடம் வழி கேட்டார்கள், இரண்டு கூட்டங்களுக்குள் பகை மூட்டிவிட்டு நடுவில் புகுந்து பெட்டியைத் தூக்கினார்கள். உயிர்ப்பிச்சை அங்கே அறம் சார்ந்த செயலாக இல்லை, ஆதாயமாக இருந்தது. அதனாலேயே அது அடிக்கடி நடந்தது.

அறம் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது. பால் ஆண்டர்சன், மைக்கேல் மூர்காக் ஆகியோரின் நாவல்களிலிருந்து ஒழுங்கு, குழப்பம் என்ற இரு அண்டசக்திகளின் போரை விளையாட்டு எடுத்துக்கொண்டது. 1974இல் அது பெரும்பாலும் யார் எந்தப் பக்கம் என்பதைக் காட்டும் அணிப்பெயர்தான். கிரேஹாக் நூலில் பாலடின் என்ற புனித வீரன் சேர்ந்தான்; ஒழுங்கைக் கைவிட்டால் அவனுக்குரிய சக்திகள் போய்விடும். 1976இல் கைகாக்ஸ் எழுதிய ஒரு கட்டுரை நன்மை, தீமை என்ற இன்னோர் அச்சைக் கூட்டியது. 1977 முதல் 1979 வரை வந்த 'அட்வான்ஸ்டு' பதிப்பின் மூன்று நூல்களில் இது ஒன்பது கட்டங்கள் கொண்ட நெறிப் பட்டியலாக நிலைபெற்றது. 1977இன் 'மான்ஸ்டர் மேனுவல்' ஒவ்வொரு எதிரி இனத்துக்கும் அதன் நெறியை அச்சிட்டது. ஓர்க் என்றால் ஒழுங்குள்ள தீமை. இன்ன ஓர்க், அன்ன ஓர்க் என்ற பேச்சே இல்லை. இனம் முழுவதற்கும் ஒரே வரி.

ஓர்க் வந்தது டோல்கீனிடமிருந்து. 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலில் ஹெல்ம்ஸ் டீப் போர் முடிந்ததும் சரணடைந்த மலைநாட்டு மனிதர்களுக்கு உயிர் தரப்படுகிறது; சேதத்தைச் சரிசெய்துவிட்டு, இனி ஆயுதத்தோடு எல்லை தாண்டமாட்டோம் என்று சத்தியம் செய்து வீடு திரும்புகிறார்கள். அதே போரில் ஓர்க்குகளில் ஒன்றுகூட மிஞ்சுவதில்லை. மறுபுறம், அந்த நாவலின் அச்சாணியே கொலம் என்ற கதாபாத்திரத்தைக் கொல்லாமல் விட்ட இரக்கம். கடைசியில் உலகம் பிழைப்பது அதனால்தான். இந்த முரண் டோல்கீனை வாழ்நாள் முழுவதும் உறுத்தியது. 1954இல் எழுதிய ஒரு கடித வரைவில், ஓர்க்குகளை மீட்சியே இல்லாதவை என்று சொல்லும் இடத்துக்கு வந்து, அது மிகை என்று பின்வாங்குகிறார். சரணடைந்து இரக்கம் கேட்கும் ஓர்க்குக்கு, என்ன விலை கொடுத்தேனும் அதை அளித்தாக வேண்டும், கைதிகளை வதைக்கக் கூடாது என்று தம் குறிப்புகளில் எழுதினார். அக்குறிப்புகள் அவருடைய மகன் தொகுத்த 'மார்காத்ஸ் ரிங்' நூலில் 1993இல்தான் வெளிவந்தன. விளையாட்டு உருவான காலத்தில் கைக்கெட்டியது ஓர்க் மட்டுமே. அதைப் படைத்தவரின் உறுத்தல் அலமாரியில் இருந்தது.

இந்தச் சேர்க்கையின் விளைவை மிகத் தெளிவாகக் காட்டுவது கைகாக்ஸ் எழுதிய 'தி கீப் ஆன் த பார்டர்லேண்ட்ஸ்'. தொடக்க ஆட்டக்காரர்களுக்கான பெட்டியோடு சேர்ந்து வந்ததால் ஒரு தலைமுறையே முதலில் ஆடிய சாகசம் இது. எல்லைப்புறக் கோட்டை ஒன்று; அதற்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கு; அதன் இருபுறச் சரிவிலும் கோபோல்டு, ஓர்க், காப்ளின், ஹாப்காப்ளின், நோல் என்று இனத்துக்கொரு குகை. குகைகளின் பொது அறைகளில் பெண்களும் குட்டிகளும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சண்டையிட மாட்டார்கள் என்று நூல் குறிப்பிடுகிறது. அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. ஆண்கள் செத்து, அறை நிறையப் பெண்களும் குட்டிகளும் மூலையில் ஒண்டி நிற்கும்போது என்ன செய்வது என்பது மேசையில் இருக்கும் பதின்வயதுப் பிள்ளைகளின் பொறுப்பு.

அதே நூல் பேரத்துக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஒழுங்கான கூட்டங்கள் ஆட்டக்காரர்களின் பாத்திரங்களைச் சிறைபிடித்து, ஒருவரை மட்டும் கோட்டைக்கு அனுப்பி மீட்புப் பணம் கேட்கலாம் என்று நடத்துநருக்கு ஒரு குறிப்பு இருக்கிறது. தொகை சிறியது, 10 முதல் 100 பொற்காசு. ஹாப்காப்ளின்களின் சிறையில், விருந்துக்குக் கறியாகக் காத்திருக்கும் வணிகன் ஒருவன், அவன் மனைவி, இவர்களோடு ஓர் ஓர்க்கும் ஒரு நோலும் கட்டுண்டு கிடக்கின்றன. ஓர்க்கை விடுவித்து ஆயுதம் கொடுத்தால் ஹாப்காப்ளின்களை எதிர்த்து ஆவலோடு சண்டையிடும். சமயம் பார்த்துத் திருடிக்கொண்டு தன் கூட்டத்திடம் ஓடி நடந்ததைச் சொல்லிவிடும். நோலோ, விடுவித்தவரையே தாக்கும். விடுதலைக்குக் கைம்மாறாக வஞ்சகம் என்ற பாடத்தை முதல் சாகசத்திலேயே பிள்ளைகள் கற்றார்கள்.

மற்றப் பாத்திரங்களுக்குக் குட்டிகள் ஒரு தர்மசங்கடம் என்றால், பாலடினுக்கு அது வாழ்வா சாவா என்ற சோதனை. 1978இன் விதிப்படி அவன் தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் பட்டம் நிரந்தரமாகப் போய்விடும். குட்டிகளைக் கொன்றால் அது தீச்செயலா? கொல்லாமல் விட்டு, அவை வளர்ந்து கிராமத்தை எரித்தால்? பாலடினை மாட்டிவிடவே குட்டிகளைக் குகையில் வைத்த நடத்துநர்களும் இருந்தார்கள். எந்த விடை சொன்னாலும் தவறு என்று ஆக்கிவிட்டால் அது அறக்கேள்வி ஆகாது, பொறி ஆகிவிடும். 1980களின் மேசைச் சச்சரவுகளில் பாதி இந்தப் பொறியிலிருந்து வந்தவை என்றால் மிகையில்லை.

கைகாக்ஸின் சொந்த விடை கடுமையானது. 2005இல் ஆட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கையில், சரணடைந்த தீயவரைப் பாலடின் தண்டித்துக் கொல்லலாம் என்றார். மனம் திருந்தியவரையும், மறுபடி கெட்டுப்போகுமுன் கொல்லலாம் என்ற அளவுக்குப் போனார். ஈர்தான் நாளை பேனாகும் என்ற பொருளுடைய பழைய சொலவடையை எடுத்துக்காட்டினார். அது கர்னல் ஜான் சிவிங்டனோடு சேர்த்துப் பேசப்படுவது என்பதையும் அறிந்தே சொன்னார். சிவிங்டன், 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சேண்ட் கிரீக்கில் செயேன், அராபஹோ மக்களின் முகாமைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கியவர். வெள்ளைக்கொடி பறந்த அந்த முகாமில் 150க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். கற்பனைக் குகைக்கும் இந்த வரலாற்றுக்கும் இடையே ஒரு மெல்லிய சுவர்தான் இருக்கிறது என்பதை விளையாட்டின் தந்தையே காட்டிவிட்டார். ஓர் இனம் பிறவியிலேயே தீயது என்று நூலில் அச்சிட்டால், அதன் குழந்தையைக் கொல்வதற்கான வாதம் தானாகவே வந்து நிற்கும். கைகாக்ஸின் விடை தற்செயலான கொடூரம் அல்ல. 1977இன் பட்டியலிலிருந்து நேராக இறங்கி வந்தது.

விதிகளின் வழியே இதற்கு மாற்று சொன்னவர்களும் அந்தப் பட்டியலின் காலத்தவர்கள்தான். 1981இல் டாம் மோல்ட்வே திருத்தி எழுதிய தொடக்கநிலை நூலில் எதிரிகளுக்கு மன உறுதி எண் முறையாக இடம்பெற்றது. கோபோல்டுக்கு 6, ஓர்க்குக்கு 8, பயமே அறியாத எலும்புக்கூட்டுக்கு 12. கூட்டத்தில் முதல் ஆள் விழும்போது ஒரு முறையும், பாதிப்பேர் விழும்போது மறுமுறையும் நடத்துநர் இரண்டு பகடைகளை உருட்டுவார். அந்த எண்ணைத் தாண்டினால் எதிரிகள் ஓடுவார்கள் அல்லது சரணடைவார்கள். கணக்குப் போட்டால், கோபோல்டுகள் ஒவ்வொரு முறையும் 36இல் 21 வாய்ப்பில் மனமுடையும். ஓர்க்குகள் 36இல் 10. இரண்டு சோதனையிலும் தேறியவை மட்டும் சாகும்வரை போரிடும். வாளாலோ மந்திரத்தாலோ புத்தியாலோ எதிரியை மீறினாலும் புள்ளி உண்டு என்றும் அந்நூல் சொன்னது. இந்தச் சிறிய விதி எத்தனையோ அறவுரைகள் செய்யாததைச் செய்தது. சரணடைதல் நடத்துநரின் தயவில் எப்போதோ நிகழும் அதிசயமாக இல்லாமல், பெரும்பாலான சண்டைகளின் இயல்பான முடிவாயிற்று.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வெளியே இன்னும் துணிச்சலான முயற்சிகள் நடந்தன. கென் செயின்ட் ஆண்ட்ரே 1976இல் எழுதிய 'மான்ஸ்டர்ஸ்! மான்ஸ்டர்ஸ்!' ஆட்டக்காரர்களையே அரக்கர்களாக ஆக்கியது. 1978இல் வந்த 'ரூன்குவெஸ்ட்' இன்னும் ஆழமாகப் போனது. அதில் உடல் ஏழு பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் தனி உயிர்ப்புள்ளி. கால் வெட்டுப்பட்டவன் கீழே விழுவான், ஆனால் சாகமாட்டான். சண்டை முடியும்போது களத்தில் பிணங்களைவிட முனகிக்கொண்டிருப்பவர்களே அதிகம். அவர்களை என்ன செய்வது என்பதைத் தவிர்க்கவே முடியாது. கிரெக் ஸ்டாஃபோர்ட் படைத்த குளோரான்தா உலகம் அதற்கு வழக்கம் ஒன்றை வைத்திருந்தது: ஒவ்வொருவருக்கும் அந்தஸ்துக்கேற்ப மீட்புத் தொகை உண்டு. தோற்றவன் தன் தொகையைச் சொல்வான், அவன் குலம் அதைக் கட்டும். நாளை உனக்கும் இதே நிலை வரலாம் என்பதால் வென்றவனும் அதை மதிப்பான். குழப்பத்தின் சந்ததியான புரூ போன்றவற்றுக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது; அங்கேயும் ஒரு கோடு இருந்தது, ஆனால் டிரால்கள்கூட அந்தக் கோட்டுக்கு இப்பால் நின்றன.

அதே ஸ்டாஃபோர்ட் 1985இல் எழுதிய 'பென்டிராகன்' இந்த வரலாற்றின் மிக நேர்த்தியான விதியைத் தந்தது. ஆர்தர் மன்னனின் வீரர்களைப் பற்றிய ஆட்டம் அது. ஒவ்வொரு வீரனுக்கும் 13 ஜோடிக் குணங்கள். ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் 20. இரக்கம் ஒரு பக்கம், கொடுமை மறுபக்கம். இரக்கம் 16 உள்ள வீரனுக்குக் கொடுமை 4. காலடியில் விழுந்த எதிரியை வெட்ட அவனை ஆடுபவர் விரும்பினாலும், இருபது பக்கப் பகடையை உருட்டச் சொல்ல நடத்துநருக்கு உரிமை உண்டு. 16க்குள் விழுந்தால் வீரனின் கை எழாது. ஒருவர் இதுவரை நடந்துகொண்ட விதமே இந்தக் கணத்தில் அவரைக் கட்டுப்படுத்துகிறது. இரக்கம் காட்டக் காட்ட அந்த எண் ஏறும். இரக்கத்தோடு வேறு ஐந்து குணங்களும் சேர்ந்து 80ஐ எட்டினால் அவ்வீரனுக்குச் சிறப்புப் பலன் உண்டு. ஆயுதமற்ற வீரனைத் தாக்கினால் மானம் குறையும். உயிரோடு பிடித்தால் மீட்புப் பணம் வரும். மனிதர்கள் தங்களைப் போன்றவர்களாகக் கருதும் எதிரிக்கு என்ன செய்வார்கள் என்பதை எண்களில் எழுதிக்காட்டிய ஆட்டம் வேறில்லை.

பெரிய விளையாட்டான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் எதிர்த்திசையில் நகர்ந்தது. 1989இன் இரண்டாம் பதிப்பு பொற்காசுக்குப் புள்ளி தரும் விதியை விருப்பத் தேர்வாக ஒதுக்கிவிட்டது. புள்ளிக்கு முதன்மை வழி எதிரிகளை வெல்வது என்றாயிற்று. வெல்வது என்றால் கொல்வதுதான் என்று நூல் சொல்லவில்லை. ஆனால் மேசைகளில் அப்படித்தான் புரிந்துகொள்ளப்பட்டது. 2000இல் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பில் மன உறுதி விதி அடியோடு மறைந்தது. எதிரி எப்போது ஓடுவான், எப்போது பணிவான் என்பது நடத்துநரின் ஊகத்துக்கு விடப்பட்டது. ஊகிக்க நேரமில்லாதபோது எல்லா எதிரிகளும் கடைசி உயிர்ப்புள்ளிவரை போரிட்டார்கள். வெட்டும் ஆயுதத்தால் கொல்லாமல் அடிக்க விரும்பினால் தாக்குதல் எண்ணில் 4 குறையும். மயங்கிக் கிடப்பவனைக் கழுத்தறுக்கவோ தனியாக, தெளிவான விதி இருந்தது. அதாவது இரக்கத்துக்கு அபராதம், கொலைக்கு வசதி. யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதியதல்ல. கத்தியின் மழுங்கிய பக்கத்தால் அடிப்பது கடினம் என்ற இயல்பான யோசனைதான். ஆனால் ஒரு தலைமுறையின் கைப்பழக்கத்தை அது உருவாக்கியது.

நடத்துநர்களும் தங்கள் பங்கைச் செய்தார்கள். மன்னித்து விடப்பட்ட எதிரி மறுவாரமே கூலிப்படையோடு திரும்பி வருவது எளிதாகக் கிடைக்கும் திருப்பம். பிடித்த கைதிக்குக் காவல் வேண்டும், சோறு வேண்டும், இரவில் கட்டை அவிழ்த்துக்கொள்கிறானா என்று பார்க்க வேண்டும், கதை நகராது. இரண்டு மூன்று முறை சூடுபட்ட ஆட்டக்காரர்கள் விசாரித்துவிட்டு வெட்டிவிடுவதை வழக்கமாக்கினார்கள். உயிருக்கு வாக்குக் கொடுத்து வாய்திறக்கவைத்து, பேச்சு முடிந்ததும் வாக்கை மீறுவது பல மேசைகளில் சாதாரணமாயிற்று. இரக்கத்தைத் தண்டிக்கிற நடத்துநருக்கு இரக்கமற்ற ஆட்டக்காரர்களே கிடைப்பார்கள்.

மூன்றாம் பதிப்பே இதைத் திருத்தவும் முயன்றது. 2003இல் வந்த 'புக் ஆஃப் எக்ஸால்ட்டட் டீட்ஸ்' நற்குணப் பாத்திரங்களுக்கான நூல். சரணடைந்தவரை ஏற்க வேண்டும், கைதியை வதைக்கக் கூடாது, எதிரி வாக்குத் தவறினாலும் இரக்கம் கடமையே என்று அது வெளிப்படையாகச் சொன்னது. தீய கைதியோடு நாள்தோறும் பேசி மனம் திருப்புவதற்கான விதியைத் தந்தது. அகிம்சை விரதம் ஏற்கும் பாத்திரத்துக்குத் தனிச் சக்திகளை வைத்தது. ஆனால் அதே நூலில் ஒரு மந்திரம், தீயவனின் ஆன்மாவை ஓர் ஆண்டு வைரக்கல்லுக்குள் அடைத்து நல்லவனாக மாற்றித் தருகிறது. ஒருவனின் மனத்தை அவன் சம்மதமின்றி மாற்றிவிட்டு அதைப் புனிதம் என்பது கழுத்தறுப்பதைவிட மேலானதா என்று ஆட்டக்காரர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

2008இன் நான்காம் பதிப்பு சிக்கலை ஒரே வரியில் தீர்த்தது: எதிரியின் உயிர்ப்புள்ளி பூஜ்யத்தைத் தொடும் கணத்தில், அடித்தவர் கொன்றதாகவோ மயங்கவைத்ததாகவோ முடிவு செய்யலாம். அபராதம் கிடையாது. 2014இன் ஐந்தாம் பதிப்பு இதைக் கைகலப்புத் தாக்குதலுக்கு மட்டும் என்று சுருக்கியது. அம்பாலோ நெருப்பாலோ விழுந்தவருக்கு அந்த வாய்ப்பில்லை. ஆட்டக்காரரின் பாத்திரம் விழுந்தால் மூன்று தேர்ச்சியா மூன்று தோல்வியா என்று பகடை உருட்டிச் சாவோடு போராடும். சாதாரண எதிரியோ விழுந்தவுடன் செத்ததாகவே கொள்ளப்படும். வேகத்துக்காக வைத்த இந்த வேற்றுமை, எதிரியைக் காப்பாற்ற ஒருவர் முன்கூட்டியே நினைத்தாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கியது.

சிறு பதிப்பகங்களிலிருந்து வந்த ஆட்டங்கள் கேள்வியையே இடம் மாற்றின. 2013இன் 'டார்ச்பேரர்' சண்டை தொடங்குமுன்பே நோக்கத்தைச் சொல்லச் சொல்கிறது: கொல்லவா, சிறைபிடிக்கவா, விரட்டவா? கொல்வது என்று சொன்னால் சொன்னவரின் உயிரும் பணயத்தில் ஏறும். 2011இன் 'தி ஒன் ரிங்' வதைக்கும் கொலைக்கும் பாத்திரத்தின் மனத்தில் நிழலைக் கூட்டுகிறது. அது சேர்ந்தால் வீரன் உள்ளுக்குள் சிதைவான். 2012இன் 'டன்ஜன் வேர்ல்டு' நேர்மாறு: ஒழுங்கு நெறியுள்ள பாலடின் ஒரு குற்றவாளிக்கு இரக்கம் மறுத்தால் அனுபவப் புள்ளி. கைகாக்ஸின் கடுமையான நீதிபதியைப் பாத்திரத்தின் குணமாகவே ஆக்கி, அதை ஏற்பதும் விடுவதும் ஆடுபவரின் பொறுப்பு என்று வைத்தது.

இதற்கிடையே எதிரியின் முகம் மாறிவந்தது. 2000இன் பட்டியலிலேயே 'எப்போதும்', 'வழக்கமாக', 'பெரும்பாலும்' என்று நெறிக்கு முன்னால் அடைமொழிகள் சேர்ந்திருந்தன. கீத் பேக்கரின் 'எபெரான்' உலகம் 2004இல் காப்ளின்களுக்கு வீழ்ந்த பேரரசின் வரலாற்றையும், ஓர்க்குகளுக்கு உலகைக் காத்த குருமரபையும் தந்தது. 2011இன் 'வீ பி காப்ளின்ஸ்!' சாகசத்தில் ஆட்டக்காரர்கள் காப்ளின்களாகக் களமிறங்கினார்கள். 2019இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற இன்னோர் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில் காப்ளின் முதல் நூலிலேயே ஆடக்கூடிய இனம். 2020 ஜூனில் விசார்ட்ஸ் நிறுவனம், ஓர்க்குகளும் டிரோ என்ற இருண்ட எல்ஃப் இனத்தவரும் மற்றவர்களைப் போலவே அறத்திலும் பண்பாட்டிலும் பலவகைப்பட்டவர்கள் என்று அறிவித்தது. பாத்ஃபைண்டர் 2023இல் நெறிப் பட்டியலையே கைவிட்டது. 2024இன் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் நூலில் ஓர்க் ஆட்டக்காரர் எடுக்கக்கூடிய இனமாக இருக்கிறது. 2025இன் மான்ஸ்டர் மேனுவலில் ஓர்க் என்ற தலைப்பே இல்லை. வழிப்பறிக்காரன், அடியாள் என்று தொழிலால் அறியப்படும் எதிரிகள் எந்த இனத்தவராகவும் இருக்கலாம். குகைக்குள் இருப்பவரைக் கொல்ல இனம் போதுமான காரணமாக இருந்த காலம் அச்சில் முடிந்தது.

பழைய விதிகளும் திரும்பின. மோல்ட்வே காலத்து நூல்களை மறுவடிவம் செய்த 'ஓல்டு-ஸ்கூல் எசென்ஷியல்ஸ்' 2019இல் வந்தபோது, கோபோல்டின் 6ம் ஓர்க்கின் 8ம் பொற்காசுக்குப் புள்ளியும் அதில் அப்படியே இருந்தன. புதிய தலைமுறை மேசைகளில் எதிரிகள் மறுபடி வாளைக் கீழே போடத் தொடங்கினார்கள். 2024இன் திருத்தப்பட்ட விதியோ, கைகலப்பில் பூஜ்யத்துக்கு விழ இருந்த எதிரியை ஒரே ஒரு உயிர்ப்புள்ளியோடு மயங்கவைக்க அனுமதிக்கிறது. அந்த மயக்கத்திலேயே எதிரி ஒரு குறு ஓய்வைத் தொடங்கிவிடுகிறது. அது முடிந்ததும் எழும். எழுந்தவரை என்ன செய்வது என்பதற்கு அந்தப் பதிப்பில் விதி எதுவும் எழுதப்படவில்லை.